எதை இறக்குவது: திரைப்பட ஃபைனல் மிக்ஸ் கற்கும் வழி

ஒரு திரைப்படத்தின் வசனம், பின்னணி இசை, பாடல், ஃபோலி, எஃபெக்ட்ஸ், ஆம்பியன்ஸ் ஆகிய எல்லாவற்றையும் படத்தோடு ஓட்டிப் பார்த்து, அளவும் இடமும் தீர்மானித்து, திரையரங்கில் ஒலிக்கப்போகும் ஒரே ஒலித்தடமாக ஆக்கித் தருவது ரீ-ரெக்கார்டிங் மிக்ஸரின் வேலை. தமிழ்த் திரையுலகில் ரீ-ரெக்கார்டிங் அல்லது ஆர்.ஆர். என்றால் பின்னணி இசை சேர்ப்பதைக் குறிக்கும். இங்கே பேசப்படுவது சென்னை ஸ்டுடியோக்களில் ஃபைனல் மிக்ஸ் எனப்படும் வேலை. படப்பிடிப்பு, எடிட்டிங், டப்பிங், இசை எல்லாம் முடிந்து, வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்ட வேளையில் நடப்பது இது. முந்தைய ஒவ்வொரு கட்டத்திலும் தள்ளிப்போட்ட முடிவுகள் எல்லாம் இந்த மேசைக்குத்தான் வந்து சேரும். ஒரு சண்டைக் காட்சிக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் ட்ராக்குகள் வரலாம். அத்தனையையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே இந்தத் தொழிலைக் கற்க ஆகும் காலத்தில் பெரும்பகுதி எதை ஏற்றுவது என்பதில் செலவாவதில்லை. எதை இறக்குவது, எப்போது இறக்குவது, இறக்கியது தெரியாமல் எப்படி இறக்குவது என்பதில்தான் செலவாகிறது.

புனே திரைப்படக் கல்லூரியிலும் கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்திலும் சென்னை தரமணியிலும் ஒலிப் படிப்பு உண்டு. ஆனால் மிக்ஸிங் இன்னமும் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கற்கும் தொழிலாகவே இருக்கிறது. உதவியாளராகச் சேர்பவரின் கையில் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர் முதலில் தரப்படுவதில்லை. வந்த ட்ராக்குகளை வகை பிரிப்பது, பெயரிடுவது, எந்த ரீலில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பது, எடிட்டர் படத்தை மாற்றி அனுப்பினால் அதற்கேற்ப ஒலியை நகர்த்துவது என்றுதான் தொடங்குகிறது. அலுப்பூட்டும் வேலைதான். ஆனாலும் படத்தின் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகக் கேட்க வாய்ப்புள்ளவர் அந்த உதவியாளர் ஒருவரே. இந்தக் கட்டத்தை அவசரமாகத் தாண்டியவர்கள் பிறகு மேசையில் உட்காரும்போது எந்தச் சத்தம் எந்த ட்ராக்கிலிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்து கற்க வேண்டியது அறை. மிக்ஸிங் தியேட்டர் உண்மையிலேயே ஒரு திரையரங்கு. திரை, திரைக்குப் பின்னால் இடது, நடு, வலது ஒலிபெருக்கிகள், சுவர்களில் சரவுண்ட், கீழே சப்வூஃபர், பார்வையாளர் அமரும் தொலைவில் கன்சோல். அந்த அறையின் ஒலியளவு மிக்ஸரின் விருப்பத்துக்கு விடப்படுவதில்லை. பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான இரைச்சலைக் குறிப்பிட்ட மின்னளவில் அனுப்பினால், மிக்ஸர் அமரும் இடத்தில் திரை ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் 85 டெசிபல் காட்ட வேண்டும். 5.1 அமைப்பில் சரவுண்ட் பக்கம் ஒவ்வொன்றும் 82 டெசிபல். திரையரங்கிலுள்ள டால்பி பிராசஸரில் இந்த அளவுக்கு 7 என்ற எண். மிக்ஸர் தன் அறையில் கேட்டதைப் பார்வையாளர் எங்கோ ஓர் ஊரில் அப்படியே கேட்பார் என்ற ஒப்பந்தம்தான் அந்த 7. அதோடு எக்ஸ்-கர்வ் என்ற அளவீடும் உண்டு. துளையிட்ட திரைக்குப் பின்னாலிருந்து பெரிய அரங்குக்குள் வரும் ஒலி 2,000 ஹெர்ட்ஸ் வரை சமமாகவும், அதற்கு மேல் ஆக்டேவுக்கு 3 டெசிபல் வீதம் சரிந்தும் அளக்கப்படும்.

இந்த அளவுகளை மனப்பாடம் செய்வது எளிது. அவற்றுக்குக் காது பழகுவதுதான் நீண்ட வேலை. மெல்லிய ஒலியில் கேட்கும்போது மனிதக் காது தாழ்ந்த சுருதிகளைக் குறைவாக உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் அளந்து காட்டினார்கள். வீட்டிலோ சிறிய அறையிலோ குறைந்த ஒலியில் கலவை செய்து பழகியவர் அதனால்தான் பேஸைக் கூட்டிவைக்கிறார். அதே கலவை தியேட்டரில் ஓடும்போது அடித்தொனி வசனத்தை விழுங்குகிறது. அளவு நிலையாக உள்ள அறையில் பல மாதங்கள் கேட்ட பிறகு, மீட்டரைப் பார்க்காமலே ஒரு சாதாரணப் பேச்சு எங்கே நிற்க வேண்டும் என்பது காதுக்குத் தெரியத் தொடங்கும். அதன் பிறகுதான் மற்ற எல்லாம் அதற்கு மேலே, அதற்குக் கீழே என்று இடம் பெறும்.

ஒத்திசைவைக் கற்பதும் அறையைக் கற்பதோடு சேர்ந்ததே. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 42 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறக்குறைய 14 மீட்டர் போகும். பெரிய அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு உதட்டசைவுக்குப் பிறகுதான் சொல் வந்து சேரும். மிக்ஸிங் மேசையிலேயே வசனம் ஒரு ஃபிரேம் பின்தங்கியிருந்தால் அங்கே அது இன்னும் பிந்திப்போகும். அதனால் கைதேர்ந்தவர்கள் ஒத்திசைவில் பிந்துவதைச் சற்றும் பொறுப்பதில்லை.

பழைய தலைமுறை மிக்ஸர்கள் கற்ற விதம் வேறு. 35 மி.மீ. படச்சுருளில் 1,000 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் ஒவ்வொன்றும் தனித்தனிச் சுருளாகத் தனித்தனி இயந்திரத்தில் படத்தோடு பூட்டி ஓடும். அந்த இயந்திரங்களால் பின்னோக்கி ஓட முடியாத காலத்தில் ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு ஃபேடர் தவறினால் ரீலை முதலிலிருந்து மீண்டும் எடுக்க வேண்டும். ஆகவே ரீல் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் பதிவுக்குப் போவார்கள். எந்த அடியில் கதவு, எந்த அடியில் வயலின் என்று க்யூ ஷீட் எதிரே இருக்கும். கை அசைவுகள் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்டிருக்கும். பிறகு முன்னும் பின்னும் ஓட்டி, தவறிய இடத்தில் மட்டும் புகுந்து பதிவுசெய்யும் முறை வந்தது. அதன்பின் ஃபேடர் அசைவையே நினைவில் வைக்கும் ஆட்டோமேஷன், அதற்கும் பின் புரோ டூல்ஸ் மென்பொருள். இன்று எந்த முடிவையும் எந்த நேரத்திலும் மாற்றலாம். இந்த வசதி பெரிய கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்சி முழுவதையும் ஒரே மூச்சாக, கையை ஃபேடரில் வைத்து மிக்ஸ் செய்யும் பயிற்சியைப் புதிதாகக் கற்பவர் தானாக வலிந்து மேற்கொள்ள வேண்டியிருக்கிறது. மவுஸால் ஒவ்வொரு புள்ளியாகத் திருத்திய கலவையில் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும், காட்சியின் ஓட்டம் மட்டும் இருக்காது. தொடர்ந்து கேட்பவருக்கு அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

வேலையின் வரிசையில் முதலில் வருவது வசன பிரிமிக்ஸ், அதாவது வசன ட்ராக்குகளை மட்டும் முன்கூட்டியே கலந்து வைப்பது. எல்லா நல்ல பயிற்சியும் இங்கேதான் நடக்கிறது. தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் வசனம் படப்பிடிப்புக்குப் பிறகு டப்பிங் அறையில் பதிவாகிறது. படப்பிடிப்பில் எடுத்த ஒலி பைலட் ட்ராக்காக மட்டும் துணை நிற்கும். 2004இல் வந்த விருமாண்டி போன்ற சில படங்கள் நேரடி ஒலியோடு எடுக்கப்பட்டவை. இரண்டு முறைக்கும் மிக்ஸர் சந்திக்கும் சிக்கல் நேர் எதிரானது. நேரடி ஒலியில் ஜெனரேட்டர், ஏசி, போக்குவரத்து, உடைக்குள் வைத்த மைக்கில் துணி உரசுவது என்று வேண்டாதவை நிறைய இருக்கும். அவற்றைச் சுத்தம்செய்ய வேண்டும். டப்பிங் குரலிலோ எதுவுமே இருக்காது. எதிரொலி அற்ற சிறிய அறையில், வாய்க்கு அருகே வைத்த மைக்கில் பதிவான அந்தக் குரல், வயல்வெளியில் நின்று பேசும் மனிதரின் வாயில் ஒட்டாது. திரையில் ஆள் நாற்பது அடி தள்ளி நிற்பார், குரல் காதருகே பேசும்.

அந்தக் குரலை இடத்தில் உட்கார வைப்பதே டப்பிங் படங்களை மிக்ஸ் செய்பவரின் தலையாய திறமை. பலரும் முதலில் ரிவெர்ப் எனப்படும் செயற்கை எதிரொலியைக் கூட்டிப் பார்ப்பார்கள். குரல் தூரம் போகாது, குளியலறைக்குள் போய்விடும். தூரம் என்பது பல சிறு அடையாளங்கள் சேர்ந்து உண்டாக்குவது. அண்மை மைக் தரும் அடித்தொனிக் கனத்தைக் குறைக்க வேண்டும், உச்சச் சுருதிகளைச் சற்றே மழுக்க வேண்டும், நேரடி ஒலியின் அளவை இறக்கி முதல் எதிரொலிப்புகளை மட்டும் சிறிது சேர்க்க வேண்டும். திறந்தவெளியில் அதுவும் மிகக் குறைவு. அதன்பின் அந்த இடத்தின் ஆம்பியன்ஸ் குரலுக்கு அடியில் விரிக்கப்படும்போதுதான் குரல் அங்கே நிற்கும். பைலட் ட்ராக்கைத் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்கு நல்ல ஆசான். அந்த இடத்தில் அந்த நடிகரின் குரல் உண்மையில் எப்படி ஒலித்தது என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. அதை ஒதுக்கிவிட்டு மிக்ஸ் செய்ய உட்காருவது வீண் சுமை.

சுருதிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் கைவைக்கும்போது தமிழுக்கென்றே ஒரு கவனம் தேவை. பேச்சின் கனம் 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது, சொல் புரிவது அதற்கு மிக மேலே நடக்கிறது. ழ, ள, ண போன்ற நாவளை ஒலிகளை ல, ன ஆகியவற்றிலிருந்து காது பிரித்தறியும் தடயத்தில் முக்கியமானது 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் கிடக்கிறது. டப்பிங் குரல் காதைக் குத்துகிறது என்று அந்தப் பகுதியை அகலமாக வெட்டினால் குரல் மென்மையாகும், கூடவே பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். குத்தும் இடம் பெரும்பாலும் ஒரு குறுகிய பட்டைதான். அதைத் தேடிப் பிடித்து, அந்த ஒன்றை மட்டும், அது தலைதூக்கும் சொற்களில் மட்டும் இறக்குவதே முறை. ஸ, ஷ ஒலிகளின் சீறலுக்கும் அப்படியே.

வசனம் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதில் இயக்குநரை நம்பி முடிவெடுப்பது ஆபத்து. எழுதும்போதிலிருந்து டப்பிங் வரை அந்த வரிகளை அவர் எண்ணற்ற முறை கேட்டிருக்கிறார். பாதி சொல் மறைந்தாலும் அவர் மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும். மிக்ஸருக்கும் ஒரு வாரத்தில் அதே நிலை வந்துவிடும். கதை தெரியாத ஒருவரை, தியேட்டரில் வேறு வேலை செய்பவரையாவது, அழைத்து உட்காரவைத்து என்ன கேட்டது என்று விசாரிப்பது நல்ல வழக்கம்.

நடிகரின் அசைவுச் சத்தங்களை ஸ்டுடியோவில் மீண்டும் உண்டாக்கிப் பதிவுசெய்யும் ஃபோலி அடுத்தது. டப்பிங் படங்களில் ஃபோலி வெறும் அலங்காரம் அல்ல. பைலட் ட்ராக்கை எடுத்துவிட்டபோது நடிகரின் காலடி, புடவைச் சரசரப்பு, பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் எல்லாம் போய்விட்டன. அவை திரும்ப வராதவரை குரலுக்கு உடல் இல்லை. கேட்டதாகவே தோன்றாத அளவில் வைத்த துணிச் சரசரப்பு, ரிவெர்ப் செய்ய முடியாததைச் செய்துவிடும். காலடிகளைப் பற்றி அமெரிக்க எடிட்டரும் மிக்ஸருமான வால்டர் மர்ச் கண்டறிந்த ஒன்று எல்லா மிக்ஸர்களுக்கும் பயன்படுகிறது. ஒருவர் நடந்தால் ஒவ்வொரு அடியும் திரையோடு பொருந்த வேண்டும். இருவர் நடந்தாலும் அப்படியே. மூவராகிவிட்டால் காது தனித்தனி அடிகளைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு கூட்டமாகக் கேட்கத் தொடங்குகிறது. காதுக்கு எண்ணிக்கையில் ஒரு வரம்பு உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது.

அந்த வரம்பை மர்ச் முழு அளவில் சந்தித்தது 1979இல் வெளியான அபோகலிப்ஸ் நவ் படத்தில். ஹெலிகாப்டர்கள் வாக்னரின் இசையை ஒலிக்கவிட்டபடி ஒரு கிராமத்தைத் தாக்கும் காட்சிக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ட்ராக்குகள் இருந்தன. வசனம், ஹெலிகாப்டர், இசை, துப்பாக்கி, வெடிப்பு, மற்றவை என்று ஆறு பிரிமிக்ஸாக அவை திரட்டப்பட்டன. ஒவ்வொன்றும் தனியே அருமையாக இருந்தது. ஆறையும் ஒன்றாக ஏற்றியபோது எதுவுமே கேட்கவில்லை. அவர் கண்ட தீர்வு, ஒரு நொடியில் காது தாங்கும் அளவுக்கு மட்டும் அடுக்குகளை வைப்பது, ஒன்று உள்ளே வரும்போது வேறொன்றை வெளியே அனுப்புவது. கண் பார்க்கும் எல்லாவற்றுக்கும் ஒலி தரவேண்டியதில்லை. அதே காட்சியில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்க மறுத்து ஒரு படைவீரன் கதறும் இடத்தில் இசையே இல்லை. இசை ஹெலிகாப்டரிலிருந்துதான் வருகிறது, ஆகவே தர்க்கப்படி இருந்தாக வேண்டும். பார்ப்பவர் எவரும் அதைத் தேடுவதில்லை. கற்பவர் இந்தக் காட்சியைப் படத்தை மறைத்துவிட்டு ஒருமுறை, ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்தால், எந்த நொடியில் எது வெளியேறுகிறது என்பது புலப்படும்.

இதற்கு மறுபக்கமாக மர்ச்சின் இன்னொரு வேலையையும் பார்க்கலாம். காட்ஃபாதர் (1972) படத்தில் மைக்கேல் என்ற பாத்திரம் உணவகத்தில் இருவரைச் சுடுவதற்குச் சற்று முன் ரயில் ஒன்று கிறீச்சிடும் ஒலி ஏறிக்கொண்டே வருகிறது. திரையில் ரயில் இல்லை. சுடும்வரை பின்னணி இசையும் இல்லை. மற்ற எல்லாம் இறக்கப்பட்டிருப்பதால்தான் அந்த ஒரு சத்தத்துக்கு அவ்வளவு இடம் கிடைக்கிறது.

தமிழ்ப் படத்தில் இந்த முடிவுகளை எடுப்பது கடினம். பின்னணி இசை பெரும்பாலும் காட்சி முழுவதையும் நிரப்பி வரும். அதே காட்சிக்கு எஃபெக்ட்ஸ் குழுவும் நிறைத்து அனுப்பியிருக்கும். இடி விழும் நொடியில் டிரம்மும் இடிக்கும், இரண்டும் ஒரே அடித்தொனிக்குப் போட்டியிடும். இரண்டையும் பாதி பாதியாகக் குறைப்பது சமாதானமாகத் தோன்றும். உண்மையில் இரண்டுமே வீணாகும் வழி அது. தாக்கத்தின் முதல் நொடியை எஃபெக்ட்ஸுக்குக் கொடுத்து, அதன் வால் அடங்கும்போது இசையை எழவிட்டால் இரண்டும் முழு அளவில் கேட்கும். இசை தாளம், தந்திக் கருவிகள், பேஸ், குரல் என்று தனித்தனி ஸ்டெம்களாக வந்திருந்தால் இன்னும் நுட்பமாகச் செய்யலாம். வசனத்தின் மேல் ஏறி நிற்கும் ஒரு புல்லாங்குழலை மட்டும் இறக்கிவிட்டு மற்றதைத் தொடாமல் விடலாம். இசையமைப்பாளரும் இயக்குநரும் பின்னிருக்கையில் அமர்ந்து ஆளுக்கொரு திசையில் கேட்கும்போது, எதை இறக்கினால் காட்சி திறக்கும் என்று பேசிக்கொண்டிராமல் ஓட்டிக் காட்டுவதே நல்ல மிக்ஸரின் வழக்கம்.

பாடல் இன்னொரு தனிப் பாடம். ஆடியோ வெளியீட்டுக்காக ஸ்டீரியோவில் இறுக்கிக் கலந்த பாடல், மெல்லிய பேச்சைத் தொடர்ந்து தியேட்டரில் வெடித்தால் பார்வையாளர் திடுக்கிடுவார். பாடலை அப்படியே மட்டுப்படுத்தினால் உயிர் போகும். பாடலுக்கு முந்தைய அரை நிமிடத்தில் ஆம்பியன்ஸை மெதுவாக ஏற்றிக் காதைத் தயாராக்குவதும், பல்லவிக்குப் பிறகு பாடலைச் சரவுண்டுக்கு விரிப்பதும் கைதேர்ந்தவர்களின் வழிகள். இந்தத் துறையில் சென்னைக்குப் பெருமை சேர்த்தவர் 2008இல் மறைந்த எச். ஸ்ரீதர். மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் ஆகிய படங்களுக்காக ஒலிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றவர் அவர். இசைப் பதிவிலும் பட மிக்ஸிலும் ஒருசேரத் தேர்ந்த அவருடைய படங்களைக் கற்பவர்கள் இன்றும் தேடிக் கேட்க வேண்டும். தேசிய விருதுகளில் நேரடி ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்பு, இறுதிக் கலவை ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகளாக முதலில் அங்கீகாரம் பெற்றது 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான 57ஆவது விருதுகளில்.

சரவுண்டைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். வசனம் திரையின் நடுவில் இருக்கும். சரவுண்ட் இடத்தைச் சொல்லும். பார்வையாளரைத் திரும்பிப் பார்க்கவைக்கும் சத்தம் அவரைப் படத்திலிருந்து வெளியே இழுக்கும். 2012இல் வந்த டால்பி அட்மாஸ் 128 தடங்கள் வரை ஏற்கும், சத்தங்களைத் தலைக்கு மேலும் நிறுத்தும். மழைக்கும் கோயில் மணிக்கும் ஹெலிகாப்டருக்கும் அது நன்று. ஆனால் 5.1இல் தெளிவில்லாத காட்சி அட்மாஸில் தெளிவாவதில்லை.

ஃபைனல் மிக்ஸில் ரீல்கள் தனித்தனியாக முடிந்த பிறகு படத்தை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். அப்போதுதான் சோர்வு தெரியும். முதல் பாதியிலேயே எல்லாவற்றையும் உச்சத்தில் ஒலிக்கவிட்டிருந்தால், இடைவேளைக்குப் பிறகு கிளைமாக்ஸுக்கு ஏற இடமிருக்காது. மீட்டரில் கிளைமாக்ஸ் உரத்திருக்கும், காதுக்கு இருக்காது. கிளைமாக்ஸைப் பெரிதாக்க அதற்கு முந்தைய ரீலை இறக்குவதே பெரும்பாலும் சரியான மருந்து. சேவிங் பிரைவேட் ரயன் (1998) படத்தின் கடற்கரைப் போரில் கேப்டனின் காது அடைத்துப்போகும் சில நொடிகள் உலகமே மழுங்கி ஒலிப்பது, அடுத்து வரும் குண்டுகளின் கொடுமையைப் பெருக்குகிறது. அந்தத் தாக்குதல் காட்சியில் பின்னணி இசை இல்லை.

பிறகு வெளித் திரையரங்குகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேதான் 7 என்ற ஒப்பந்தம் உடைந்திருப்பது தெரியவரும். உரத்த டிரெய்லர்களால் புகார் வந்ததும் பல அரங்குகள் பிராசஸரை 5க்கோ அதற்கும் கீழோ இறக்கி வைத்துவிடுகின்றன. 7இலிருந்து 5 என்பது ஏறக்குறைய ஆறரை டெசிபல் இறக்கம். மெல்லிய பேச்சு அதில் காணாமல் போகும். இதைக் கண்ட தயாரிப்பாளர்கள் மிக்ஸையே உரக்கச் செய்யச் சொல்கிறார்கள், அரங்குகள் இன்னும் இறக்குகின்றன. எல்லாருக்கும் கேடு தரும் சுழல் இது. மிக்ஸரின் கையில் இருப்பது ஒன்றுதான். மொத்த அளவை ஏற்றாமல், வசனத்துக்கும் அதைச் சுற்றியுள்ளவற்றுக்கும் இடையிலான இடைவெளியைக் கூட்டினால், 5இல் ஓடும் அரங்கிலும் கதை புரியும். படம் வெளியாகும் அரங்குகளுக்குத் தொழில்நுட்பக் குறிப்பு அனுப்பி, அளவை எதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதும் பலன் தருகிறது.

திரையரங்கு மிக்ஸ் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. வசனம், இசை, எஃபெக்ட்ஸ் ஆகியவை தனித்தனி ஸ்டெம்களாகப் பிரித்துத் தரப்படும். வசனம் நீக்கிய இசை-எஃபெக்ட்ஸ் ட்ராக்கை வைத்துத்தான் தமிழ்ப் படம் தெலுங்கிலும் இந்தியிலும் டப் ஆகிறது. தமிழ் வசனத்தோடு ஒட்டிப் பதிவான காலடியோ கதவோ அதில் விடுபட்டிருந்தால், மொழிமாற்றுப் படத்தில் அந்த இடம் ஊமையாகிவிடும். ஓடிடி தளங்களுக்குத் தனி மிக்ஸ் தேவை. நெட்ஃபிளிக்ஸ் வசனத்தின் சராசரி உரப்பை -27 எல்.கே.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) அளவில், 2 அலகு ஏற்ற இறக்கத்துக்குள் கேட்கிறது. திரையரங்குக்குச் செய்ததை அப்படியே வீட்டுக்கு அனுப்பினால் பார்ப்பவர் பேச்சுக்கு ஒலியைக் கூட்டி, சண்டைக்குக் குறைத்து என்று ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கும். அதற்காகச் சிறிய ஒலிபெருக்கிகள் உள்ள அறையில், குறைந்த அளவில், உச்சங்களை இறக்கி மீண்டும் ஒருமுறை மிக்ஸ் செய்யப்படுகிறது. உதவியாளராக இருப்பவருக்கு முதன்முதலில் தனியாக ஒப்படைக்கப்படும் மிக்ஸ் பெரும்பாலும் இதுவே.